அஞ்சறைப் பெட்டியை மூடி வையுங்கள்

நாய் வளர்க்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: கடையில் விற்கிற டிரீட் பாக்கெட் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம், பெரிய வேலையும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் இதைக் கெடுப்பது ஒன்றுதான், நம் கை சும்மா இருக்காது. அடுப்பில் எதை ஏற்றினாலும் கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், வாசத்துக்கு ரெண்டு பல் பூண்டு, இறக்கும்போது ஒரு கரண்டி நெய். மனுசனுக்குச் சரி. நாய்க்கு இதில் எதுவும் தேவையில்லை. பூண்டும் வெங்காயமும் ஆபத்தே. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டு விடும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

நாய் நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் நமக்கு இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அது மூக்கை வைத்துச் சாப்பிடுகிற பிராணி. வெந்த ஈரலின் வாசம் போதும், அதற்குமேல் மசாலா எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

ஈரலையே சொல்கிறேன். கால் கிலோ கோழி ஈரல் வாங்கி, பச்சையாகப் பித்தப்பை ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, கழுவி, மூழ்குகிற அளவு தண்ணீரில் வேகவையுங்கள். நறுக்கினால் நடுவில் சிவப்பு தெரியக் கூடாது. ஆறியதும் கொண்டைக்கடலை அளவுக்குத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், தீயை நன்றாகக் குறைத்துப் புரட்டிக்கொண்டே இருங்கள். முதலில் கல்லில் ஒட்டும். ஈரம் சுண்டச் சுண்டத் தானாக விட்டுக்கொண்டு, ஓரம் கறுத்து, கரண்டி பட்டால் கடகடவென்று உருளும். அதுதான் பதம். அந்த நேரம் எங்கள் வீட்டு மணி சமையலறை வாசலில் உட்கார்ந்திருப்பான், எச்சில் நூல் தரையைத் தொட. அம்மா எட்டிப் பார்த்து, "ஒரு கல்லு உப்புகூட இல்லாம அது எப்படிடா திங்கும்?" என்பார். மணி அதற்குள் மூன்று துண்டை விழுங்கியிருப்பான்.

ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், உடம்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தினமும் அள்ளிப் போட்டால் நாளடைவில் எலும்பும் மூட்டும் கெடும். வாரத்தில் ரெண்டு நாள், நாலைந்து துண்டு, போதும்.

சைவ வீடு என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அரைவிரல் கனத்துக்கு வில்லை போட்டு, ஓவன் இருந்தால் 120 டிகிரியில் ரெண்டரை மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. ஓவன் இல்லையா, இட்லிப் பானையில் அரைவேக்காடாக ஆவி கட்டி, சித்திரை வெயிலில் வடாம் மாதிரி மொட்டைமாடியில் காயவையுங்கள், மேலே ஒரு மெல்லிய வேட்டியைப் போட்டு மூடி. கறியை மட்டும் இப்படி வெயிலில் காயப்போடாதீர்கள், கிருமி வளரும். அப்புறம் கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த முட்டை எல்லாம் நல்லதுதான். கருவாடு வேண்டாம், அது பாதி உப்பு.

"நாய் ஓநாய் வம்சம், அதற்குக் கிழங்கும் சோறும் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு நகல்களாகப் பெருகியிருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதன் போட்ட மிச்சத்தைத் தின்றே அது நாயாகியிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

சோறு பிரச்சினையில்லை. அதன் மேல் ஊற்றுவதில்தான் எனக்கு வருத்தம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் மிகுதியாக இருப்பது எதில் தெரியுமா? நம் புளியில். புளி தின்ற நாய்களுக்கு அதேபோலச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2022இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் நாய்ச்சோறு என்றாலே மிச்ச மீன்குழம்பும் ரசமும்தானே? "எங்க ஊரு நாயெல்லாம் இதைத் தின்னுதான் வளந்துச்சு" என்று கமென்டில் யாராவது நிச்சயம் வருவார்கள். வளர்ந்தது உண்மை. அவற்றில் எத்தனை நாய்க்கு யார் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தார்கள்? செத்தால் "வயசாயிருச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுவோம்.

இன்னொரு பழக்கம் டீக்கடைப் பொறை. வாலாட்டுகிற நாய்க்கு ரெண்டு பொறை வாங்கிப் போடாத ஆள் நம்மில் உண்டா? நல்ல மனசுதான், ஆனால் அது மைதாவும் சர்க்கரையும். பசித்த தெருநாய்க்கு ஒன்றுமில்லாததற்கு அது மேல், நான் சண்டைக்கு வரவில்லை. சோபாவில் படுத்திருக்கிற, மூச்சிரைக்கிற லேப்ரடாருக்குத் தினமும் அரை பாக்கெட் மேரி பிஸ்கட் போடுவதற்குத்தான் வருகிறேன். தின்பண்டம் ஒருநாள் உணவில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்களின் கணக்கு. பத்து கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி. அப்படியென்றால் தின்பண்டத்துக்கு 60. ஒரு வேகவைத்த முட்டையே 70 தாண்டும். மேரி பிஸ்கட் ரெண்டரையில் கணக்கு முடிந்தது. அதனால்தான் கொண்டைக்கடலை அளவு என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்தால் ஒன்று, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தால் ஒன்று. துண்டு சிறிதாக இருக்கிறதே என்று எந்த நாயும் முகம் சுளிப்பதில்லை.

பீநட் பட்டர் கொடுக்கிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரை இல்லாதது என்று போட்டு, அதற்குப் பதில் சைலிட்டால் என்கிற இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தால் தொடவே வேண்டாம், நாய்க்கு ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். சாக்லேட் கூடாதென்று குழந்தைகளுக்கே தெரிந்திருக்கிறது.

சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கிற நாய் என்றால் எதைத் தொடங்கும் முன்பும் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரல் துண்டுகள் பிரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும், அதற்குமேல் என்றால் ஃப்ரீசரில் வையுங்கள். டப்பா மேல் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா டீயோடு ஒரு கைப்பிடி தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.