மாதாவில் தொடங்காதீர்கள், யோவான் 6-இல் தொடங்குங்கள்

நம் ஆர்.சி. பிள்ளைகள் வேறு சபை நண்பரோடு வேதம் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் மாதாவில்தான் ஆரம்பிக்கிறது. அவர் கேட்பார்: ஏன் மாதாவைக் கும்பிடுகிறீர்கள், ஏன் சுரூபம், ஏன் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம்? நாம் ஒவ்வொன்றுக்கும் பதறிப் பதறிப் பதில் சொல்வோம். ஒரு தலைப்பும் முடியாது. மறுநாள் வாட்ஸ்அப்பில் வசனச் சண்டை நடக்கும். எங்கிருந்து தொடங்குவது என்பதை நாம் தீர்மானிக்காததால் வரும் வினை இது. என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் யோவான் 6-ஆம் அதிகாரம்: நற்கருணை, அதாவது பூசையில் நாம் இயேசுவின் உடலாகவே வாங்கும் அப்பம், பற்றிய நம் விசுவாசத்துக்கு ஆதாரமான இடம்.

அதற்கு முன் அவர் எந்தச் சபை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ப்ராட்டஸ்டண்ட்’ என்பது ஒரே கட்சி இல்லை. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947-இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானது. திருநெல்வேலி சி.எஸ்.ஐ.க்காரர் ஆங்கிலிக்கன் வழி. கன்னியாகுமரிக்காரர் லண்டன் மிஷன் (காங்கிரிகேஷனல்) வழி. இருவருக்கும் திருவிருந்தைப் பற்றிய பழக்கமும் பார்வையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. அவர்களிடம் போய் அதை நிரூபிக்க வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்லும் அப்போஸ்தலர் 16:33-ஐத் திறந்தால் வீண் வேலை. பெந்தெகொஸ்தே நண்பரிடம்தான் அந்தப் பேச்சு தேவைப்படும்.

இரண்டாவது, அவர் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தையே பயன்படுத்துங்கள். நம் திருவிவிலியத்தில் 73 நூல்கள், அவருடையதில் 66. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (இறந்த ஆன்மாக்கள் தூய்மை பெறும் நிலை) ஆதாரமாக 2 மக்கபேயர் 12-ஐ எடுத்தீர்களானால் ‘அது எங்கள் பைபிளில் இல்லையே’ என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். பிறகு எந்த நூல்கள் சேரும், எவை சேராது என்ற வழக்குக்குள் போக வேண்டியிருக்கும். அது நல்ல வழக்குதான், ஆனால் முதல் நாளுக்கு உரியது அல்ல. ‘பைபிளையே உங்களுக்குத் தந்தது நாங்கள்தான்’ என்ற பேச்சும் அன்றைக்கு வேண்டாம்.

மூன்றாவது, எபேசியர் 2:8-10-ஐ இருவரும் சேர்ந்து வாசித்து, நீங்கள் முதலில் ஆமென் சொல்லுங்கள். ஜெபமாலை சொல்லியும் நடைப்பயணம் போயும் பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்ப்பவர்கள் கத்தோலிக்கர் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். கிருபையினாலேதான் இரட்சிப்பு என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் பாவியை நீதிமானாக ஏற்பது) பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெத்தடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. யாக்கோபு 2:24-இல் வரும் ‘விசுவாசத்தினாலே மாத்திரமல்ல’ என்பதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அதை முதலில் நீட்டினால், அவர் பயந்துகொண்டிருந்ததை நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

இனி யோவான் 6. மொத்தம் 71 வசனம். சத்தமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நண்பரையே வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் விளக்கம் வேண்டாம். (நம் பூசை வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டில் ஐந்து ஞாயிறு தொடர்ந்து இந்த அதிகாரம்தான் வாசிக்கப்படுகிறது. ஆனாலும் பக்கத்தைத் தேடி எடுக்க நம்மவர்களுக்குத்தான் நேரமாகிறது.)

வாசித்து முடித்ததும் கவனிக்க வேண்டிய இடம் 51-ஆம் வசனம். அதுவரை ‘விசுவாசியுங்கள்’ என்று போன பேச்சு, தாம் கொடுக்கப்போகும் அப்பம் தம் மாம்சமே என்று திரும்புகிறது. 52-இல் யூதர்கள் சொல்லை நேரடியாகவே எடுத்துக்கொண்டு வாக்குவாதம் செய்கிறார்கள். 53 முதல் 58 வரை இயேசு அதைத் தணிக்கவே இல்லை. உண்பதைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறார். ‘என் மாம்சம் மெய்யான போஜனமாயிருக்கிறது’ என்பது 55. 66-இல் சீஷர்களிலேயே அநேகர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ‘உவமையாகச் சொன்னேன்’ என்று அவர் சொல்லவில்லை. பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்றுதான் கேட்கிறார். மத்தேயு 16:6-12-ஐ இதோடு ஒப்பிடுங்கள். பரிசேயரின் புளித்த மாவு என்றதும் சீஷர்கள் அப்பத்தை நினைத்துக்கொண்டபோது, அப்பத்தைச் சொல்லவில்லை என்று உடனே திருத்துகிறார். யோவான் 4:32-34-இலும் அப்படியே. இங்கே மட்டும் ஏன் திருத்தவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலரால் முடியாதது இதுதான்.

எதிர்வாதம் நிச்சயம் வரும், மூன்று வழியில். ஒன்று, 35-ஆம் வசனம்: வருவதும் விசுவாசிப்பதும்தான் உண்பது என்பார். விசுவாசம் இல்லாமல் நற்கருணை பயன் தராது என்பது நம் போதனையும்தான். ஆனால் ‘நான் கொடுக்கும்’ என்று 51-இல் வருவது இனி நடக்கப்போகும் ஒன்று. இரண்டு, ‘நானே வாசல்’, ‘நானே திராட்சச்செடி’ என்றும் சொன்னாரே என்பார். அதைக் கேட்டு யாரும் இடறிப்போய் அவரை விட்டுப் போகவில்லை. மூன்றாவதுதான் பலமானது, 63: ‘மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது.’ இதற்குத் தயாராகாமல் போகாதீர்கள். அங்கே அவர் ‘என் மாம்சம்’ என்று சொல்லவில்லை. ஆவியில்லாத வெறும் மனித அறிவால் இதைப் பிடிக்க முடியாது என்பதே பேச்சு. அவருடைய மாம்சமே உதவாது என்றால் வார்த்தை மாம்சமானார் என்னும் யோவான் 1:14-க்கும் சிலுவைக்கும் பொருள் என்ன?

இதோடு 1 கொரிந்தியர் 11:27-30 ஒன்று போதும். தகுதியில்லாமல் புசிக்கிறவன் கர்த்தருடைய சரீரத்தையும் இரத்தத்தையும் குறித்துக் குற்றவாளி ஆவான் என்கிறார் பவுல். வெறும் அடையாளத்துக்கு இவ்வளவு கடுமை எதற்கு? லுத்தரன் நண்பர் என்றால் இந்த இடத்தில் அவர் உங்கள் பக்கம்தான். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், அப்பம் அடையாளமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியோடு வாதிட்டபோது ‘இது என் சரீரம்’ என்று மேசையிலேயே சாக்பீஸால் எழுதி வைத்தவர் மார்ட்டின் லுத்தர். லுத்தரன் நண்பரிடம் பேச வேண்டியது பூசை பலியா, குருத்துவம் எங்கிருந்து வருகிறது என்பவை.

ஆதித் திருச்சபையின் சான்றை வேதத்துக்குப் பிறகே கொண்டுவாருங்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய கடிதம், அந்நூற்றாண்டின் நடுவில் வேதசாட்சி யுஸ்தீன் எழுதியது, இரண்டும் நற்கருணையை இயேசுவின் மாம்சம் என்றே சொல்கின்றன.

அவர் மாதாவுக்கு இழுத்தால் ஒரு தாளில் குறித்து வைத்து அடுத்த முறைக்குத் தள்ளுங்கள். அந்த முறை லூக்கா 1:28, 42, 48 மட்டும் எடுங்கள். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது. மத்தியஸ்தர் ஒருவரே என்னும் 1 தீமோத்தேயு 2:5-ஐ அவர் காட்டினால், எல்லாருக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்லும் 2:1-இலிருந்து வாசியுங்கள். இறந்த பரிசுத்தவான்கள் நம்மைக் கேட்கிறார்களா என்பதுதான் உண்மையான வேறுபாடு, பரிசுத்தவான்களின் ஜெபங்கள் பரலோகத்தில் தூபமாக வருவதைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 5:8 அதற்குரிய இடம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

சுரூபத்துக்கு யாத்திராகமம் 25-இன் கேருபீன்களையும் (தேவதூத உருவங்கள்) எண்ணாகமம் 21-இன் வெண்கலச் சர்ப்பத்தையும் காட்டுவோம். சரி. ஆனால் அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் என்று 2 இராஜாக்கள் 18:4 சொல்கிறது. அதையும் நாமே வாசித்துக் காட்டுவது நல்லது. நம் திருவிழாக்களில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வக்கீலாக நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. யோவான் 6 நன்றாகப் போனால் அவர் ஒரு ஞாயிறு பூசைக்கு வருகிறேன் என்பார். நன்மை (நற்கருணை) வாங்கும் வரிசையில் அவர் வர இயலாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், கோயில் வாசலில் அல்ல. காரணம் கேட்டால் 1 கொரிந்தியர் 10:17: ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் ஒரே சரீரம். அந்த ஒன்றிப்பு இன்னும் முழுமையாகவில்லை, அதனால்தான். அவருக்கு அது வலிக்கும். உங்களுக்கும் வலிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.