கால்வாய்க் கரையைத் தோண்டுவது மீன்பிடிப் பூனை அல்ல

கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை சரிவதற்கு மீன்பிடிப் பூனைகள் வளை தோண்டுவதே காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். இந்தப் பூனை வளை தோண்டி வாழும் விலங்கு இல்லை. நாணல் புதர், அடர்ந்த செடிகொடிதான் அதன் மறைவிடம்.

இந்த மாதிரிக் கரைகளில் பெரும்பாலும் தோண்டுவது பெருச்சாளி, எங்கள் வீட்டில் சொல்வதானால் அகழான். அது உள்ளே கிளை கிளையாகச் சுரங்கம் போடும். மழைக்கு நீர் உயர்ந்ததும் தண்ணீர் அதற்குள் புகுந்து மண்ணை அரிக்கும். பிறகு மட்டம் திடீரென்று இறங்கும்போது, நனைந்து கனத்த மேல்மண் உள்வாங்கும். ஆனால் வளை மட்டும் கரையைச் சரிப்பதில்லை. வேரோடு செடி பிடுங்கப்பட்ட இடம்தான் சீக்கிரம் போகும்.

சந்தேகம் இருந்தால் பகலில் போய்ப் பாருங்கள். வளை வாயில் புதுமண் குவிந்திருந்தால் பெரும்பாலும் அகழான். வளையின் அகலத்தையும் அளந்து பாருங்கள். வளர்ந்த மீன்பிடிப் பூனை 5 கிலோவுக்கு மேல் இருக்கும், அகழான் வளைக்குள் அது குடியிருக்க முடியாது. கையை மட்டும் விட வேண்டாம், பாம்பும் அங்கே குடியிருக்கலாம்.