மதினி ஐந்து மாதம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பை செட்டா நகர் முருகன் கோயிலிலிருந்து திரும்பி நடந்து வரும்போது மதினி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கொஞ்ச நாளா லேசா ரத்தம் படுது."

மதினிக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றார். கணக்குப் போட்டால் ஐந்து மாதம். வீட்டில் அண்ணனுக்கும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோதுதான் கேப்ஸ்யூல் விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை வருடமாக "தாவர ஈஸ்ட்ரோஜன்" என்று ஒன்றைச் சாப்பிட்டு வருகிறார். ஈஸ்ட்ரோஜன் என்பது மாதவிடாய் நின்றதும் குறைந்துபோகும் பெண் ஹார்மோன். பச்சை டப்பா, மேலே இலைப் படம். ரத்தம் பட்டதும் முதலில் கேட்டது அதை விற்ற பெண்ணிடம்தான். "உடம்பு இளமைக்குத் திரும்புது அக்கா, கெட்டதெல்லாம் வெளியே போகுது, நிறுத்திடாதீங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். மதினி நிறுத்தவில்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் அது. அந்த ஐந்து மாதத்தை ஒரு வியாபாரப் பேச்சு தின்றுவிட்டது.

மறுநாளே கூட்டிப் போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை. தடிப்பு மட்டும்தான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கேப்ஸ்யூலால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்றார்.

ஏன் என்று தேடிப் படித்தேன். தாவர ஈஸ்ட்ரோஜன் என்று விற்பது பெரும்பாலும் சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள் என்ற பொருள்கள்தான். அவற்றின் வடிவம் நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் அதே இடத்தில் இவையும் உட்காரும், வேலை மட்டும் பலவீனமாக நடக்கும். பலவீனம் என்றாலும் அளவு கூடினால் விளைவு தெரியும். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகை க்ளோவர் தீவனத்தை மேய்ந்த ஆடுகள் மந்தை மந்தையாகச் சினைபிடிக்காமல் போயின. காரணம் அந்தச் செடியில் இருந்த இதே குடும்பத்துப் பொருள்தான். 2004இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில் ஐசோஃபிளேவோனைத் தினம் 150 மில்லிகிராம் வீதம் ஐந்து வருடம் சாப்பிட்ட பெண்களில் சிலருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வு தடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. குறைந்த காலம் சாப்பிட்டவர்களிடம் இந்தப் பிரச்சினை தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எத்தனை வருடம் சாப்பிடலாம் என்று அந்தப் பச்சை டப்பாவில் ஒரு வரி கிடையாது.

இதைத் தேடிப் போகும் பெண்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மாதவிடாய் நிற்கும் வயதில் நானே போனவள். மும்பை ஹார்பர் லைன் ரயிலில் காலை நேரத்து லேடீஸ் கோச், குர்லாவில் இன்னொரு கூட்டம் ஏறும், அந்த நெரிசலில் நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் குப்பென்று தீப்பிடித்த மாதிரி ஏறும். சி.எஸ்.எம்.டி.யில் இறங்கும்போது ரவிக்கை நனைந்திருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நைட்டி மாற்றுவேன். வீட்டில் யாரிடமும் சொல்ல வாய் வராது. அந்த நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரி "இதைச் சாப்பிடு, இயற்கை" என்று நீட்டினால் வாங்காமல் என்ன செய்வோம்?

நான் வாங்கியது சோயா பவுடர். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, பின்னாலேயே பாலில் அந்தப் பவுடர். நாலு மாதத்தில் டி.எஸ்.எச். எகிறிவிட்டது. தைராய்டு சுரப்பு போதவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் அளவு அது. சோயா அந்த மாத்திரையை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சரி, பலனாவது உண்டா? 2016இல் தாவர ஈஸ்ட்ரோஜன் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பகலில் வரும் ஹாட் ஃப்ளாஷ், அதாவது அந்தக் குப்பென்று ஏறும் சூடு, ஓரளவு குறைந்தது, ராத்திரி வியர்வை குறையவில்லை. 2011இல் மியாமியில் 248 பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், சோயா ஐசோஃபிளேவோன் தினம் 200 மில்லிகிராம் இரண்டு வருடம் கொடுத்தும் எலும்புத் தேய்மானம் நிற்கவில்லை. கடைசியில் ஹாட் ஃப்ளாஷ் இருப்பதாகச் சொன்னவர்கள் சோயா சாப்பிட்டவர்களில் 48 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களில் 32 சதவீதம். இன்னொன்று: சோயாவிலுள்ள பொருளை ஈக்வால் என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றுவது நம் குடலில் இருக்கும் பாக்டீரியா. அது எல்லோர் குடலிலும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதில்லை.

இந்தத் தொந்தரவுகளுக்கு டாக்டர் தரும் ஹார்மோன் மாத்திரை என்றாலே நமக்கு ஒரு பயம். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் அது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த கூட்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடியது. இல்லாத ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்று மருத்துவ சங்கங்கள் இன்று சொல்கின்றன. ஹார்மோன் கூடாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உண்டு. டாக்டரிடம் வாய் திறந்து கேட்டால்தான் இதெல்லாம் தெரியவரும்.

ஊட்டச்சத்து சப்ளிமெண்ட் என்று விற்றால் நோய் குணமாகும் என்று நிரூபிக்கத் தேவையில்லை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று லேபிளில் போட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மதினியின் டப்பாவிலும் அது இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தோம்.

சோயா சங்க்ஸ் போட்டுப் புலாவ் செய்யுங்கள், டோஃபு சாப்பிடுங்கள், ஆளி விதையைப் பொடித்துச் சப்பாத்தி மாவில் கலந்துகொள்ளுங்கள். உணவாகச் சாப்பிடுவதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. செறிவூட்டி அடைத்த கேப்ஸ்யூலாக இருந்தால், அந்த டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் தொடராதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மதினிக்கு மறுபடியும் பரிசோதனை. இந்த முறை அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.