ஒரே டிஸ்குக்கு ரெண்டு விதமான ஜிபியா?

டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியான பார்டிஷனைப் பெரிதாக்கச் சொன்னால் லினக்ஸ் ஒரு வார்த்தை பேசாது. அதற்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4-ஐ, மவுன்ட்டில், அதாவது சிஸ்டத்தோடு இணைந்து உபயோகத்தில் இருக்கும்போதே வளர்த்துக் கொடுத்துவிடும். சுருக்கு என்றால்தான் இத்தனை வம்பும்.

நேற்று ராத்திரி வில்லாபுரத்தில் அத்தானின் போட்டோ ஸ்டுடியோ. 500 ஜிபி டிஸ்க், முழுக்க ஒரே பார்டிஷன், உள்ளே 160 ஜிபிக்குக் கல்யாணப் படங்கள். 200-க்குச் சுருக்கிவிட்டு மிச்சத்தை விண்டோஸுக்கு விட வேண்டும். முறைப்படிதான் செய்தேன். அன்மவுன்ட் பண்ணி, கோளாறு பார்க்கிற ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டினேன். முதலில் ஃபைல்சிஸ்டம், அப்புறம்தான் பார்டிஷன். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஃபைல்சிஸ்டத்தின் அளவை மாற்றுகிற ரிசைஸ்2எஃப்எஸ்ஸில் 200ஜி என்று கொடுத்தேன். முக்கால் மணி நேரம் அரைத்து முடித்தது. அடுத்து, பார்டிஷனின் அளவை மாற்றுகிற பார்ட்டெட்டில் 200ஜிபி. சுருக்கினால் டேட்டா போகலாம், தொடரட்டுமா என்று கேட்டது. சரியாகச் செய்தாலும் இதே கேள்வி, தப்பாகச் செய்தாலும் இதே கேள்வி! பிறகு அந்தக் கேள்வியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? யெஸ் அடித்தேன்.

மவுன்ட் ஆகவில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் எழுதி வைக்கும் லாகில் பார்த்தால், ஃபைல்சிஸ்டத்துக்கு 52428800 பிளாக் (டிஸ்க் இடத்தை எண்ணுகிற துண்டு) வேண்டுமாம், பார்டிஷனில் இருப்பது 4 கோடியே 88 லட்சம் சொச்சம்தானாம். எனக்குக் கை நடுங்கியது. பின்னால் நின்ற அத்தான், "என்ன மாப்ள, ஏதோ எழுத்தா வருது? காலைல ஆல்பம் கேட்டு வந்துருவாங்கய்யா" என்றார். என்னத்தைச் சொல்ல?

ரிசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு ஒரு ஜி என்றால் 1024-ஐ மூன்று தடவை பெருக்கியது, அதாவது 107 கோடி பைட்டுக்கு மேல். பார்ட்டெட்டுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட், அவ்வளவுதான். இருநூறுக்குக் கணக்குப் போட்டால் 14.7 ஜிபி வாலை நானே வெட்டியிருக்கிறேன். மேனுவலில் எழுதியிருக்கிறது என்று யாரும் வராதீர்கள். ஃபைல்சிஸ்டம் எவ்வளவு பெரியது என்று அதன் விவரக்குறிப்பான சூப்பர்பிளாக்கிலேயே எழுதியிருக்கிறதே, வெட்டும் முன் இந்த பார்ட்டெட் அதை ஒரு தடவை பார்க்கக்கூடாதா? ஊர்க் கல்யாணமெல்லாம் அதில்தானே இருக்கிறது!

நல்லவேளை, அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை. பார்டிஷனின் முடிவை 215ஜிபிக்கு இழுத்துவிட்டதும் அத்தனை படமும் அப்படியே வந்தது. இனிமேல் ஃபைல்சிஸ்டத்தை 180-க்குச் சுருக்கிவிட்டு, பார்டிஷனை 200-இல் வெட்டி, கடைசியாக அளவு எதுவும் கொடுக்காமல் ரிசைஸ்2எஃப்எஸ் ஓட்டுவேன். இருக்கிற இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சாமி.

ரெண்டு மணிக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று வண்டியை எடுத்தால், தெருவை மறுபடி குறுக்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடுப்பு இல்லை, ஒரு விளக்கு இல்லை. போன மாசம் மூடிய அதே குழிதான்யா அது!