"புரியுதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்

வகுப்பில் இத்தனை வருடமாக நான் அதிகம் கேட்ட கேள்வி "புரியுதா?"தான். முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை எதையோ எழுதுகிற மாதிரி நோட்டுக்குள் குனிந்துகொள்ளும், நானும் சரி என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் சும்மா பார்ப்போமே என்று, பெயர் போடாமல் ஃபோனிலிருந்தே பதில் அனுப்புகிற ஒரு ஆன்லைன் வாக்கெடுப்பை வைத்துப் பார்த்தேன். கேள்வி ரொம்பச் சாதாரணம்: நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பாதிக்கு மேல் "பூஜ்யம்" என்று வந்தது. பூஜ்யமாவது திசைவேகம்தான், 9.8 என்ற முடுக்கம் கீழ்நோக்கி இருந்துகொண்டேதான் இருக்கும் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போர்டில் எழுதியிருந்தேன். எல்லோரும் தலையாட்டியும் இருந்தார்கள். திரையில் அந்தப் பட்டை உயர உயர எனக்கு வியர்த்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

இதில் நான் முதல் ஆளும் இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே இதே இடத்தில் முட்டிக்கொண்டவர். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற மாணவர்கள், லாரியும் சின்னக் காரும் மோதினால் எதன் மேல் விசை அதிகம் என்று கேட்டதும் தடுமாறினார்கள். அதன்பிறகு அவர் வகுப்பை மாற்றிக்கொண்டார்: கேள்வி, தனித்தனியாகப் பதில், பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம், மறுபடி பதில். இதற்குக் கருவியே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. பதில் அனுப்பும் மின்கருவியையும் விடையைத் தூக்கிக் காட்டும் சாதாரண அட்டையையும் ஒப்பிட்டு 2008இல் வந்த ஓர் ஆய்வில், கற்றலில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரே காரணம், அட்டையைத் தூக்கும்போது பக்கத்து நண்பன் எதைத் தூக்குகிறான் என்று ஒரு கண் போகும், ஃபோனில் அது கொஞ்சம் குறைவு.

புதுக் கருவி எது வந்தாலும் இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மாணவரின் தவறு, தேர்வுத்தாள் திருத்தும் நாளுக்கு முன்னால் என் கண்ணில் படுமா? படும் என்றால் வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் நானே தோற்ற இடமும் உண்டு. 50 நிமிட வகுப்பை அப்படியே படம்பிடித்து ஏற்றி வைத்தேன், பெரிய சேவை செய்த நினைப்பு வேறு. பார்வைப் பதிவைத் திறந்தால் பெரும்பாலோர் ஏழெட்டு நிமிடத்திலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014இல் வந்த ஆய்வும், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களின் கவனம் சுமார் 6 நிமிடம்தான் என்றது. அதைப் படித்த பிறகுதான் மாணவர்கள் மேல் கோபம் தணிந்தது.

பாடங்களை ஆன்லைனில் நடத்த உதவும் மூடுல் மென்பொருள் விஷயத்தில் நாம் செய்வது பெரிய அநியாயம். 2002இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே, மாணவர்கள் சேர்ந்து பேசி, எதையாவது உருவாக்கிக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் அதைச் செய்திருந்தார். நாம் அதை பிடிஎஃப் கோடவுன் ஆக்கிவிட்டோம். அதிலேயே இருக்கிற வினாடி வினா வசதியில், ஒவ்வொருவருக்கும் எண்கள் மாறி வருகிற மாதிரி கணக்குகளை அமைக்கலாம், வாரம் ஒருமுறை மதிப்பெண் இல்லாமல் போட்டாலே போதும். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள்தான் முந்தினார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006லேயே காட்டியாயிற்று. ஆனால் கேள்விகளைத் தயாரிப்பது முதுகை ஒடிக்கிற வேலை, அதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் பெரிய செலவில் ஒரு மென்பொருள் வாங்கி, ஒரே ஒரு மதியம் பயிற்சி கொடுத்தார்கள். அதிலும் முக்கால்வாசி நேரம் பாஸ்வேர்டு மாற்றுவதிலேயே போனது.

அப்புறம் ஏஐ. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த கொஞ்ச நாளிலேயே ஒப்படைப்புகள் எல்லாம் திடீரென்று அழகாகிவிட்டன, எழுத்துப்பிழையைத் தேடினாலும் கிடைப்பதில்லை. உடனே நிறையப் பேர், எழுதியது ஆளா ஏஐயா என்று சொல்லும் கண்டுபிடிப்பான்கள் பின்னால் ஓடினார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தான் உருவாக்கிய கண்டுபிடிப்பானை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியதாகக் குறித்ததைக் காட்டினார்கள். எளிய சொற்களில் தட்டுத்தடுமாறி எழுதுகிற மாணவர்தான் இதில் முதலில் மாட்டுவார். அப்படி ஒருவரைக் கூப்பிட்டு வைத்து நீ திருடினாய் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதற்குப் பதிலாக, ஒப்படைப்பு கொடுத்தவர் என் எதிரில் உட்கார்ந்து அதில் ஒரு வரியை 5 நிமிடம் விளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். 60 பேருக்கு 5 மணி நேரம் ஆகிறது, இதைக் குறைக்க வழி எதுவும் இன்னும் பிடிபடவில்லை. ஏஐ தந்த விடையில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வதும் ஓரளவு வேலை செய்கிறது, ஆனால் அது இப்போதெல்லாம் முன்போல எளிதில் தவறு செய்வதில்லை, நல்ல தவறாகத் தேடிப் பிடிக்க எனக்குத்தான் ராத்திரி ஆகிறது.

மாணவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கிறதா என்றால், எல்லோருக்கும் இல்லை. "நீங்களே நடத்துங்க சார், அதுதான் நல்லாப் புரியுது" என்று போன வாரமும் ஒரு பெண் வந்து சொன்னாள். சரிம்மா என்று, அந்தப் பந்து கேள்வியையே கொஞ்சம் மாற்றி, இறங்கும் வழியில் முடுக்கம் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "இதை நாளைக்குச் சொல்லட்டுமா சார்?" என்றாள்.