அந்தக் கோபுரம் பழையதல்ல

இத்தாலியின் மிலான் நகரத்து ஸ்ஃபோர்ட்ஸா கோட்டை பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஒரே ஒரு திருத்தம். வாசல் கோபுரத்தை 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடக் கலைஞர் ஃபிலாரெத்தே அமைத்த அசல் கோபுரம் 1521இல் உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்து இடிந்து போனது. இன்று எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது, கட்டடக் கலைஞர் லூக்கா பெல்த்ராமி மறுபடி கட்டி 1905இல் திறந்த கோபுரம்.

அதற்கு முந்தைய கதையும் சுவையானது. மிலானை ஆண்ட விஸ்கோந்தி பரம்பரையின் கடைசி டியூக் 1447இல் இறந்ததும், குடியரசு அறிவித்த நகரத்தார் இதே இடத்தில் இருந்த அவர்களது கோட்டையை இடித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் படைத்தலைவர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்ஸா ஆட்சியைப் பிடித்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டார்!

பின்புறமுள்ள செம்பியோனே பூங்காவும் அரசர் காலத்துத் தோட்டமல்ல. படைகள் அணிவகுத்த திடல் அது. வீடுகள் கட்டி விற்கும் திட்டத்திலிருந்து தப்பி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டடக் கலைஞர் எமிலியோ அலெமாஞ்ஞாவின் கையில் பூங்காவானது.

உண்மையிலேயே பழைய தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் கோட்டைக்குள் போக வேண்டும். 1498இல் லியோனார்டோ டா வின்சி ஓர் அறையின் கூரை முழுக்க முசுக்கொட்டை மரக் கிளைகளைப் பின்னி வரைந்திருக்கிறார். இத்தாலிய மொழியில் அந்த மரத்துக்கு 'மோரோ' என்றும் பெயர். அப்போது மிலானை ஆண்ட டியூக் லுடோவிகோ ஸ்ஃபோர்ட்ஸாவின் பட்டப்பெயரும் அதுதான். பிற்காலத்தில் சுண்ணாம்படித்து அதையும் மூடிவிட்டார்கள்; 1893இல்தான் வெளியே வந்தது. கட்டுரையில் இந்த அறை விடுபட்டதுதான் எனக்குக் குறை.