வால்வு கவருக்குச் சிலிக்கான் பூசி அனுப்புகிறவர்களுக்கு

ஏழு மாதத்தில் ஒரே கசிவுக்கு மூன்று முறை கூலி கொடுத்தேன். அப்படியும் சென்ற வாரம் மதிய வெயிலில், யாங்கோன் நகரத்து நெரிசலில் வண்டி நின்றபோது, அதே கருகிய எண்ணெய் வாடை ஏசி வழியாக உள்ளே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, பாதி வழியிலேயே இறங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் ஓரத்தில் கசிந்த ஆயில், புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இது வெறும் வாடை இல்லை. அன்றைய அரிசிக் காசு.

எண்ணெய் கசிந்ததற்காக நான் கொதிக்கவில்லை. 2011-இல் இறக்குமதி விதிகள் தளர்ந்த பிறகு ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய வண்டிகளில் என் டொயோட்டா ப்ரோபாக்ஸும் ஒன்று. அத்தனை வருடம் சூட்டில் வெந்த, மூடியின் விளிம்பை அடைக்கும் ரப்பர் பேக்கிங் இறுகி, நெகிழ்ச்சி இழந்து, ஒரு நாள் கசியத்தான் செய்யும். அதை மாற்றுவது எஞ்சின் வேலைகளிலேயே எளிதானவற்றுள் ஒன்று. அந்த எளிய வேலையைக்கூட முறையாகச் செய்யாமல், செய்ததாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

முதல் முறை போன வப்ஷாப்பில் (பட்டறையில்) வண்டிக்கு அடியில் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, சம்ப் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) பேக்கிங் போய்விட்டது என்றார்கள். மேலே கசியும் எண்ணெய் எஞ்சின் உடம்போடு வழிந்து கீழேதான் வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, மேலிருந்து கீழாகத் தேடினால் கசிவு தொடங்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். கடைசியில் நானே வீட்டில் முகத்துக்குப் பூச வைத்திருந்த தனாக்காப் பொடியைக் கவரின் விளிம்பெங்கும் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் வெள்ளைப் பொடியின் நடுவே, பின்பக்க மூலையில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த ஈரம் இறங்கியிருந்தது. பொடியைத் தூவி நான் கண்டுபிடித்ததைக் காணாமல், சம்பைக் கழற்றி மாட்டிய கூலியை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை இன்னொரு இடத்தில், கவரைத் திறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்து, அதன் மேல் பற்பசை பிதுக்குவது போலச் சிலிக்கான் பசையைச் சுற்றிலும் பிதுக்கி மூடினார்கள். இந்த வகை எஞ்சினில் எஞ்சினின் பக்கத்தில் உள்ள டைமிங் செயின் கவரும், வால்வு கவர் உட்காரும் ஹெட்டும் சேரும் இரண்டு முனைகளில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வேண்டும்; மற்ற இடமெல்லாம் ரப்பரே அடைத்துக்கொள்ளும். இவர்களோ ஹெட்டின் மேல் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டவில்லை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை, பசை காயவும் விடாமல் அப்போதே ஸ்டார்ட் செய்து கையில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் படிந்த தகட்டில் எந்தப் பசை ஒட்டும்? வெளியே பிதுங்கியது கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான். உள்ளே பிதுங்கியதுதான் ஆபத்து. அந்தத் துணுக்குகள் உதிர்ந்து, எண்ணெயோடு சம்புக்கு இறங்கி, பம்பு எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்தால் எண்ணெய் அழுத்தம் விழும், பேரிங் தேயும். ஒரு கசிவை மறைப்பதற்காக முழு எஞ்சினையே பணயம் வைக்கிறார்கள், அதுவும் என் எஞ்சினை.

மூன்றாம் முறை செய்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. புதுப் பேக்கிங் நானே வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கவரைப் பிடிக்கும் போல்ட்டுகள் பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும் சிறிய போல்ட்டுகள். அவற்றுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர், அதாவது பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அங்கிருந்த பையனோ நீளமான ராட்செட்டை மாட்டி, ஒரு மூலையிலிருந்து வரிசையாக, கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினான். நான் "தம்பி, போதும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு போல்ட் வெறுமனே சுற்றத் தொடங்கிவிட்டது. அலுமினிய ஹெட்டில் மரை அறுந்துவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கத்திலேயே நின்று, "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு முழுக் கூலியையும் எண்ணி வாங்கினாரே, அந்தச் சயா (பட்டறை மேஸ்திரி) மேல்தான் கோபம்.

நான்காவதாக, தெரிந்தவர்கள் சொல்லி, வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். தமிழர், வயது எழுபதுக்கு மேல். அவர் கவரைத் தொடுவதற்கு முன்பே, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். கலகலவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. உள்ளே கசடு கெட்டியாகி அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எங்கே தளர்ந்த இடம் கிடைக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. "எஞ்சின் மூச்சு விட முடியாம தவிக்குது தம்பி, இவங்க அது வாயைத் தைச்சிக்கிட்டே இருந்திருக்காங்க" என்றார். மூன்று பட்டறைகளில் ஒருவர்கூட ஒரு நிமிடம் செலவழித்து அந்தச் சிறிய வால்வை ஆட்டிப் பார்க்கவில்லை.

பெரியவர் அரை நாள் வேலை செய்தார். பிளாஸ்டிக் தகட்டால் மட்டும் சுரண்டினார். இரும்பை அலுமினியத்தின் மேல் விடவே இல்லை. அறுந்த மரையைத் துளைத்து ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் பொருத்தினார். பிளக் குழிகளில் தேங்கியிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்துக் காட்டி, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் இக்னிஷன் காயிலும் போயிருக்கும் என்றார். நான்கு நாளாக வண்டி ஓடுகிறது. அந்த மூலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஹெலிகாயிலுக்கு நான் கொடுத்த காசு என்னைச் சேர்ந்த செலவு இல்லை. உருக்குலைந்த அந்தப் பேக்கிங்கையும், அலுமினியத் தூள் ஒட்டிய அந்தப் போல்ட்டையும், கெட்டியாகிப்போன பிசிவி வால்வையும் ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் நேரத்துக்கு, அந்தச் சயாவின் மேசைமேல் அவற்றைக் கொட்டி, வாங்கிய கூலியைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.